மதியத்துக்கு மேல் அம்மா ஏன் ஆடி ஆடித் தட்டுகிறார்? கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். வயது, கை, தோள் பற்றிக் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை நாள்கணக்கில் விழுங்காதீர்கள். சிறுநீரகத்துக்கு ஆபத்து.

காரிமங்கலம்: அம்மாவுக்கு 61. புளி தட்டிக் கொட்டை எடுக்கிறார். காலையில் கை மட்டும் அசைகிறது. மதியத்துக்கு மேல் உடம்பே ஆடுகிறது. ஏன்?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். தோள் சோர்ந்ததும் அதன் வேலையை முழங்கையும் மணிக்கட்டும் இடுப்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 1920களில் மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளிகளைப் படமெடுத்துப் பார்த்தார். அடிக்கு அடி மூட்டுகளின் அசைவு மாறிக்கொண்டே இருந்தது. சுத்தியல் மட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. உங்கள் அம்மா கையும் அந்த வித்தையைத்தான் செய்கிறது.

வயதானால் இது கொஞ்சம் தடுமாறும். பார்க்காமலே கை எங்கே இருக்கிறது என்று தெரியும் உணர்வு மங்குவதால் கண்ணை நம்பித்தான் அடிக்க வேண்டும். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் சேர்ந்தே இறுகும். கை நிதானப்படும், ஆனால் சீக்கிரம் களைக்கும். அதனால் வெளிச்சமான இடத்தில் உட்காரவையுங்கள். கல்லும் கூடையும் எட்டிப் பிடிக்க வேண்டியில்லாதபடி பக்கத்திலேயே இருக்கட்டும். ஆடுவதைத் தடுக்காதீர்கள், ஆட ஆரம்பித்ததும் பத்து நிமிடம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

பாலக்கோடு: தோள் வலிக்கு எந்த மாத்திரை நல்லது?

தொடக்கத்தில் நான் வைத்த வேண்டுகோளைப் படியுங்கள்.

ஓசூர்: இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போகின்றன.

மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது போலத் தெரிகிறது. நேரில் காட்டுங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

புளி வியாபாரி: கிலோவுக்குத்தான் கூலி தருகிறோம். வயதானவர்கள் மெதுவாகத்தானே செய்வார்கள்?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 1984இல் சால்ட்ஹவுஸ் என்ற உளவியலாளர் 19 முதல் 72 வயதுவரை தட்டச்சு செய்பவர்களைச் சோதித்தார். மூத்தவர்களின் விரல் மெதுவாகத்தான் தட்டியது, ஆனால் தட்டச்சு வேகம் குறையவில்லை. அடிக்கும் எழுத்துக்கு வெகுதூரம் முன்பே கண் ஓடிக்கொண்டிருந்தது. பழகிய கை இப்படித்தான் ஈடுகட்டும்.

அதே வியாபாரி: டைப் அடிப்பதும் புளி தட்டுவதும் ஒன்றா சார்?

நியாயமான அடி! ஒன்றல்ல. வேகமும் பலமும் சேர்ந்த வேலையில் வயதான தசை முன்னதாகவே களைக்கிறது. ஒரே பிடியாகப் பிடித்து நிற்பதில் பல சோதனைகளில் மூத்தவர்களே அதிக நேரம் தாங்குகிறார்கள். ஆகவே ஓடு உடைக்கும் வேலை இளையவர்களுக்கு, நார் உரித்துக் கொட்டை எடுப்பது மூத்தவர்களுக்கு என்று பிரித்துப் பாருங்கள்.

காரிமங்கலம்: பிரித்தால் உடைப்பவருக்கு ஒரு கூலி, உரிப்பவருக்கு ஒரு கூலி என்று ஆக்கிவிடுவார்கள். அம்மாவுக்குத்தான் நஷ்டம்.

இதை நான் யோசிக்கவில்லை. இருவரையும் ஜோடியாக உட்காரவைத்து, கிலோவுக்கு வரும் கூலியைச் சரிபாதியாகக் கொடுக்கலாமே. வியாபாரி பதில் சொல்லட்டும்.

பென்னாகரம்: அப்பாவுக்கு இன்று காலையிலிருந்து திடீரென வலது கை தூக்க வரவில்லை, பேச்சும் குழறுகிறது. வயசுதானே?

இல்லை. பக்கவாதமாக இருக்கலாம். இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.

பர்கூர்: தோள் வலி, மாத்திரை…

வேண்டாம்!

வியாபாரி: ஜோடிக் கூலியை இந்தச் சீசனில் நாலு பேரோடு செய்து பார்க்கிறேன். உடைக்கிற பிள்ளைகள் ஒத்துக்கொள்ள வேண்டுமே.