குளிசை போடுகிற லொறிச் சாரதிக்கு மெடிக்கல் கிடைக்குமா?

கேள்வி: சாவகச்சேரியில் இருந்து கொழும்புக்கு இரவில் லொறி ஓடுகிறேன். இருமுனை வருத்தத்துக்கு இரவு 9 மணிக்கு லித்தியம் 750 மில்லிகிராமும் ஓலன்சபின் 5 மில்லிகிராமும் போடுகிறேன். மூன்று வருடமாக வருத்தம் திரும்பவில்லை. லைசன்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் எடுக்க வேணும். மூன்று நாள் குளிசையை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். விடலாமா?

பதில்: விடக்கூடாது. ஓலன்சபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 மணித்தியாலம் அளவில் எடுக்கும். மூன்று நாளில் முழுதாகப் போகாது. லித்தியத்தைச் சடுதியாக நிறுத்தினால் வருத்தம் திரும்பும் ஆபத்துக் கூடும். நித்திரை குழம்பி, பதற்றத்தோடு வைத்தியர் முன் போய் இருப்பதுதான் மிச்சம்.

கனரக வாகன லைசன்ஸ் 4 வருடத்துக்கு ஒருமுறை வருகிற வேலை. அதற்கு மருந்தை மறைக்கவும் வேண்டாம். குளிசையின் பெயரை விட, அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பிரித்தானியாவில் மேனியா (இருமுனை வருத்தத்தில் மனம் அளவுக்கு மீறி எழும்பும் நிலை) வந்த லொறிச் சாரதி 12 மாதமாவது நலமாக இருக்க வேண்டும், கார் ஓட்டுபவருக்கு 3 மாதம். அது அங்கத்தைய விதிதான். ஆனாலும் உங்கள் மூன்று வருடம் எவ்வளவு பெறுமதியானது என்பது அதில் தெரியும்.

அந்த மூன்று வருடத்தை எழுத்தில் காட்டுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையோ தெல்லிப்பழையோ, கிளினிக் எங்கே என்றாலும் மெடிக்கலுக்கு முந்திய கிளினிக் நாளிலேயே மனநல வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள். வருத்தத்தின் பெயர், எப்போதிருந்து சீராக இருக்கிறது, மருந்தும் அளவும், கடைசியாக அளவு மாறிய திகதி, நித்திரைத் தூக்கமோ கைநடுக்கமோ உண்டா, கனரக வாகனம் ஓட்டத் தகுதியா, எல்லாம் அதில் வர வேண்டும். "சிகிச்சை பெறுகிறார்" என்ற ஒற்றை வரி உதவாது. மெடிக்கல் எடுக்கத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்துக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் கடைசி லித்தியம் இரத்தப் பரிசோதனையையும் கொண்டு போங்கள். மனநல மருந்தால் வரும் உடல் இறுக்கத்துக்குக் கொடுக்கிற பென்செக்சோலும் போடுகிறவர் என்றால் கிட்டப் பார்வை மங்கலாம். அதையும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

எனக்கு உறுத்துவது மெடிக்கல் அல்ல, உங்கள் 9 மணிக் குளிசை. ஓலன்சபின் இரத்தத்தில் உச்சத்துக்கு வர 5 முதல் 8 மணித்தியாலம் செல்லும். அதாவது பின்னிரவு 2 மணிக்குப் பிறகு, லொறி தம்புள்ளைப் பக்கம் போகும்போது. உடம்பே நித்திரை கேட்கிற நேரமும் அதுதான். நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறீர்கள், எப்போது படுக்கிறீர்கள் என்று வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். இறங்கிப் படுக்கப் போகும் நேரத்துக்கு அவர் மாற்றலாம், பகல் ஓட்டத்துக்கு மாறச் சொல்லவும் கூடும். மாற்றினால் லித்தியம் பரிசோதனை நேரமும் மாறும்: கடைசிக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். நடுச்சாமத்தில் போட்டுவிட்டுக் காலை 8 மணிக்குக் கொடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். இரத்தத்தில் லித்தியம் வழமையாக இருக்க வேண்டியது லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், சிலருக்கு 1.0 வரை.

மூட்டை ஏற்றி நாரி பிடித்தால் டைக்ளோபினக் வாங்கிப் போடுகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அது லித்தியத்தை இரத்தத்தில் ஏற்றிவிடும். வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காவிட்டாலும் ஏறும். நோவுக்குப் பரசிற்றமோல் போதும். கை பலமாக நடுங்கி, வாய் குழறி, நடை தள்ளாடி, வாந்தியும் வந்தால் அது லித்தியம் அளவுக்கு மீறி ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம்; லொறியை ஓரம் கட்டிவிட்டு, வேறொருவரைக் கொண்டு அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்.