வாயைத் திறந்தாலே ஆங்கிலத்தில் பதில் வருகிறதே, டச்சு எப்படி வரும்?

கேள்வி: கோவையிலிருந்து நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கணவர் கெனிஸ்மிக்ரான்ட் (உயர்திறன் பணியாளர்) விசாவில் சிப் துறையில் வேலை பார்க்கிறார். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம்தான். மகளுக்கு நாலரை வயது, டச்சுப் பள்ளியில் படிக்கிறாள். நான் தினமும் ஆப்பில் படிக்கிறேன். ஆனால் கடையில் ஒரு வார்த்தை டச்சில் பேசினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். எங்களுக்குத் தேர்வு கட்டாயமா? காசு கட்டி வகுப்பில் சேரலாமா? வீட்டில் மகளிடம் டச்சு பேச வேண்டுமா?

பதில்: தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கெனிஸ்மிக்ரான்ட் விசாவில் வந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் இன்பர்கெரிங் தேர்வு, அதாவது டச்சு மொழியும் சமூகமும் தெரியுமா என்று பார்க்கும் தேர்வு, கட்டாயமில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ கேட்கப் போனால் அது தேவைப்படும். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல், அப்புறம் டச்சுச் சமூகத்தைப் பற்றிய அறிவு என்று ஐந்து தாள். உங்களைப் போல் தாமாக எழுதுகிறவர்களுக்கு இப்போதைக்கு ஏ2 என்ற அடிப்படை மொழி நிலை போதும். விதிகள் மாறக்கூடியவை, அதனால் இந்தத் தேர்வை நடத்தும் டுவோ என்ற அரசு அலுவலகத்தின் தளத்தை அவ்வப்போது பாருங்கள். மாதிரித் தேர்வுகளும் அங்கே இலவசம். நாலாவது வருடக் கடைசியில் அடித்துப் பிடித்து எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் தேர்வு இல்லை, பேச ஆள் கிடைக்காததுதான். அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறுவது உங்கள் டச்சு மோசம் என்பதால் அல்ல. வேலை சீக்கிரம் முடியட்டும், உங்களுக்கும் சிரமம் வேண்டாம் என்ற நினைப்புதான். அதனால் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: "இக் லேர் நேடர்லன்ட்ஸ். வில்ட் யூ நேடர்லன்ட்ஸ் மெட் மெய் ப்ராட்டன்?" டச்சு கற்கிறேன், என்னோடு டச்சில் பேசுவீர்களா என்று அர்த்தம். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். ஆனால் வரிசை நீண்டிருக்கும்போது சூப்பர் மார்க்கெட் கவுன்டரில் நிற்கும் கல்லூரிப் பையனிடம் கேட்காதீர்கள். அவசரமில்லாத ஆட்களைத் தேடுங்கள். பல ஊர் நூலகங்களில் தால்கஃபே என்ற மொழிப் பயிற்சிச் சந்திப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள் காபியோடு உட்கார்ந்து பேசுவார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் நிறைய வருவார்கள். அவர்களுக்கு நேரமும் உண்டு, பொறுமையும் உண்டு.

வகுப்பில் சேருங்கள். ஆப் சொற்களைத் தரும், வாயைப் பழக்காது. சேருமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் ஆங்கிலத்தில் இலக்கணம் விளக்கிக்கொண்டே இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்று, டச்சை ஆங்கிலத்தின் வழியாகவே கற்க வேண்டியதில்லை. "ஓம்டாட் இக் ஸீக் பென்" என்ற துணை வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது. 'எனக்கு உடம்பு சரியில்லாததால்' என்று காரணத்தைச் சொல்லி வினையில் முடிப்பது நமக்குப் பழகிய வரிசைதானே! ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தடுமாறும் இடம் இது. முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்துக்கு வந்துவிடும், அதை மட்டும் தனியாகப் பழகுங்கள். உச்சரிப்பிலும் உங்களுக்கு அதிர்ஷ்டம். வடக்கே தொண்டையைக் காறுவதுபோல் வரும் ககரம் உங்கள் ஐந்தோவன் இருக்கும் பிரபான்ட் பகுதியில் மென்மையாக இருக்கும். 'மகள்' என்று சொல்லும்போது வரும் ககரத்துக்கு வெகு பக்கம். எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன் 'டெ', எதற்கு முன் 'ஹெட்' என்ற குழப்பம் வருடக்கணக்கில் இருக்கும், அதற்காகப் பேச்சை நிறுத்தாதீர்கள்.

மணி சொல்வதில் மட்டும் கவனம். "ஹால்ஃப் டீன்" (சொல்லுக்குச் சொல் 'அரை பத்து') என்றால் பத்தரை இல்லை, ஒன்பதரை. நம் காது 'பத்தரை' என்றே கேட்கும். பல் மருத்துவரிடம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றால், தவறிய அப்பாயின்ட்மென்டுக்கும் கட்டணம் கேட்கலாம்.

குடும்ப மருத்துவரான ஹௌஸ்ஆர்ட்ஸிடம் போன் செய்வதை உங்கள் முதல் இலக்காக வைத்துக்கொள்ளலாம். போனை எடுப்பவர் உதவியாளர். பெயர், பிறந்த தேதி, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்று ஏறக்குறைய இதே வரிசையில்தான் கேட்பார். கேள்விகள் மாறாததால் முன்கூட்டியே எழுதி வைத்துப் படித்தே சொல்லிவிடலாம். பிறந்த தேதியைத் தூக்கத்தில் கேட்டாலும் டச்சில் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். இந்த நாட்டில் அதை எல்லா இடத்திலும் கேட்பார்கள். இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று சொல்ல வேண்டும் என்பதால் தேதியில்தான் நாக்கு சிக்கும். (பாராசிட்டமால் போடுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்களே என்ற நம்மவர்கள் புலம்பலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தொந்தரவு நீடித்தால் தயங்காமல் மறுபடி போன் செய்யுங்கள்.) உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 112, அங்கே ஆங்கிலத்திலேயே பேசுங்கள், பயிற்சிக்கு அது இடமில்லை.

மகளிடம் வீட்டில் தமிழே பேசுங்கள். டச்சைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். நீங்கள் அரைகுறை டச்சில் பேசினால் அவளுக்கு உங்கள் தவறுகள்தான் மிஞ்சும், தமிழும் போய்விடும். உங்களுக்கு டச்சு தேவைப்படும் இடம் பள்ளி வாசல். பல பள்ளிகள் புதன்கிழமை மதியத்தோடு விட்டுவிடும்; குழந்தைகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் விளையாடப் போவது அன்றுதான் அதிகம். அதைப் பெற்றோர்தான் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வருவதை மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ளுங்கள், பதிலை மட்டும் நீங்களே ஒரு வரி டச்சில் எழுதுங்கள். அடுத்த புதனுக்கு மகளின் தோழி ஒருத்தியை அழைத்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆறு மணிக்கு அவர்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு.