வேதியியலின் வரலாறு தேர்வில் வராது. பிறகு அதை எதற்குப் படிக்க வேண்டும்?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் மேல்நிலை வகுப்பு மாணவர் போலத் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு விஞ்ஞானியின் படத்தையும் பிறந்த ஆண்டையும் பெட்டி கட்டிப் போட்டிருப்பார்கள். உங்கள் ஆசிரியர் அதைத் தாண்டிப் போயிருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பல வருடம் வேதியியல் நடத்தியவள்தான். பாடத்தை முடிக்கச் சொல்லி மேலிருந்து வரும் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. "வகுப்பில் கதை சொல்லி நேரத்தை வீணாக்குகிறீர்கள்" என்று நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எனக்கு எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கதை தீப்பெட்டியைப் பற்றியது.

வெள்ளை பாஸ்பரஸ், சிவப்பு பாஸ்பரஸ் வேறுபடுத்துக என்று ஒரு கேள்வி வருமே, அதுதான் பாடம். இரண்டும் பாஸ்பரஸ் என்ற ஒரே தனிமத்தின் வடிவங்கள். வெள்ளை 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே காற்றில் பற்றிக்கொள்ளும், தண்ணீருக்குள் வைக்க வேண்டும், கொடிய நஞ்சு. சிவப்பு 240 டிகிரிக்கு மேல் போனால்தான் பற்றும், அந்த நஞ்சும் இல்லை. அட்டவணை போட்டால் முழு மதிப்பெண். மனப்பாடம் செய்த பிள்ளைகள் அடுத்த தேர்விலேயே இரண்டையும் மாற்றி எழுதுவார்கள்.

அதனால் நான் தீப்பெட்டியோடு போவேன். குச்சியைச் சுவரில் உரசச் சொல்வேன், பற்றாது. பெட்டியின் பக்கத்தில் உரசினால் உடனே பற்றும். ஏனென்றால் சிவப்பு பாஸ்பரஸ் குச்சியில் இல்லை. பெட்டியின் பக்கத்தில், கண்ணாடித் தூளோடு பூசியிருக்கிறது. உரசும் சூட்டில் அதில் துளியூண்டு வெள்ளை பாஸ்பரஸாக மாறி எரிகிறது. குச்சி முனையிலுள்ள பொட்டாசியம் குளோரேட் ஆக்சிஜனைக் கொடுக்க, கந்தகம் பற்றிக்கொள்கிறது, மெழுகு அந்தத் தீயை மரத்துக்குக் கொண்டுபோகிறது. ஊதி அணைத்ததும் கங்கு கனன்றுகொண்டிருக்காமல் சட்டென்று கறுத்துப்போவதையும் கவனிக்கச் சொல்வேன். குச்சியை அம்மோனியம் பாஸ்பேட்டில் ஊறவைத்திருப்பதால் வரும் பலன் அது. பற்றவைப்பதற்கும் பாஸ்பரஸ், கங்கை அடக்குவதற்கும் பாஸ்பரஸ்.

அப்புறம்தான் வரலாறு. 1669-இல் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, தங்கம் கிடைக்கும் என்று நம்பிச் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி, கடைசியில் இருட்டில் ஒளிரும் ஒரு பொருளைக் கண்டார். அதுதான் பாஸ்பரஸ். 1827-இல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் உரசினால் எரியும் குச்சிகளை விற்க ஆரம்பித்தார். அதில் பாஸ்பரஸ் கிடையாது. 1830-களில் வெள்ளை பாஸ்பரஸ் சேர்த்த குச்சி வந்தது. எங்கே உரசினாலும் எரிந்தது, விலையும் மலிவு. அதைத் தயாரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர் சிறுமிகளும். அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு முதலில் பல்வலி வரும், பிறகு ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும், பிறகு தாடை எலும்பே அழுகும். மருத்துவர்கள் இதை 1840-களிலேயே பதிவு செய்துவிட்டார்கள். சிவப்பு பாஸ்பரஸும் அதே 1840-களில் தெரிந்துவிட்டது. 1850-களில் ஸ்வீடனின் லுண்ட்ஸ்ட்ராம் சகோதரர்கள் அதைப் பெட்டியின் பக்கத்தில் பூசி விற்கவே தொடங்கிவிட்டார்கள். ஆனால் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியை ஒழிக்கப் பல நாடுகள் சேர்ந்து பெர்ன் நகரில் ஒப்பந்தம் போட்டது 1906-இல். இடையில் 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தமே செய்ய வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு மாணவி எழுந்து, "நல்லது ஒண்ணு கையில இருக்கும்போது ஏன் மிஸ் மாத்தல?" என்று கேட்டாள். அப்புறம் வகுப்பே பேசியது. வெள்ளை மலிவு, எங்கும் உரசலாம், தீப்பெட்டி வாங்குபவருக்கு நோய் வருவதில்லை என்று காரணங்களை அவர்களே ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு யாரும் வெள்ளையையும் சிவப்பையும் மாற்றி எழுதவில்லை. எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை.

இது வேதியியல் இல்லை, தொழிலாளர் வரலாறு என்று சிலர் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளை பாஸ்பரஸ் நான்கு அணுக்கள் கொண்ட சின்ன மூலக்கூறு, அதனால் எளிதில் ஆவியாகிறது. சிவப்பில் அணுக்கள் நீளமாகப் பின்னிக்கிடப்பதால் அது அப்படி ஆவியாவதில்லை. அந்தப் பெண்களின் தாடையை அழித்தது இந்த அமைப்பு வேறுபாடுதான். இதைவிட நல்ல வேதியியல் பாடம் எது? நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. படியுங்கள், கணக்குகளைப் போடுங்கள். ஆனால் "கெமிக்கல் என்றாலே விஷம்" என்பவரிடமும் "விஞ்ஞானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்பவரிடமும் பேச உங்களுக்கு இந்த வரலாறு வேண்டும். 1909-இல் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா எடுத்து உர உற்பத்திக்கு வழி செய்த அதே ஃபிரிட்ஸ் ஹேபர்தான் 1915-இல் போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையையும் முன்னின்று நடத்தினார்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வரலாற்றுக்கு நேரமில்லை என்பவர்கள் ரெக்கார்டு நோட்டுக்கு மட்டும் எப்படி நேரம் ஒதுக்குகிறார்கள்? செய்யாத சோதனைக்குப் போன வருட நோட்டிலிருந்து அளவுகளைப் பார்த்தெழுதி, குடுவைப் படத்தை ஸ்கேல் வைத்து வரைந்தால் மதிப்பெண். பிள்ளைகளுக்குப் பொய்த் தரவு எழுதப் பழக்குகிறோம். இதைக் கூட்டத்தில் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, தீப்பெட்டிக்குப் பிறகு எதைப் படிக்கலாம் என்றால், சோடாவை, அதாவது சோடியம் கார்பனேட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவை உப்பிலிருந்து எடுக்க நிக்கோலா லெப்லாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1791-இல் காப்புரிமை வாங்கினார். அதில் வெளிவந்த ஹைட்ரோகுளோரிக் அமில வாயு சுற்றுவட்டார மரங்களையும் பயிரையும் கருக்கியது. 95 சதவீதத்தைப் பிடித்தே ஆக வேண்டும் என்று பிரிட்டன் 1863-இல் சட்டம் போட்டது. பிடித்த அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து, பிளீச்சிங் பவுடராக்கித் துணி ஆலைகளுக்கும் காகித ஆலைகளுக்கும் விற்றார்கள்.