எஸ்.கே. மாமாவும் உருகிய ஸ்பூனும்

சாப்பாட்டு மேசைப் பொருள்களில் உங்களைச் சிரிக்க வைத்தவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் வீட்டு ஸ்பூன் டப்பாவைத்தான் முதலில் சொல்வேன்.

அதிலுள்ள ஒன்பது எவர்சில்வர் ஸ்பூன்களில் மூன்றில் மட்டுமே எங்கள் வீட்டுப் பெயர் இருக்கிறது. பாத்திரம் கைமாறிப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கடையிலேயே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி வாங்கும் நம் வழக்கம், எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, யார் யாருடைய ஸ்பூன்களை நாங்கள் திருப்பித் தரவில்லை என்பதற்குச் சாட்சியாக மட்டுமே பயன்படுகிறது. அவற்றுள் ஒன்றின் காம்பில் ‘எஸ்.கே.’ என்று வெட்டியிருக்கிறது. எந்த வளைகாப்பில், எந்தத் தூக்கோடு அது வந்து சேர்ந்தது என்பது என் மாமியாருக்கே நினைவில்லை. ஆகவே அதற்கு எஸ்.கே. மாமா என்று பெயர் வைத்துவிட்டோம். உப்புமா பரிமாறும்போது “எஸ்.கே. மாமாவைக் கூப்பிடு” என்றால், என் மகள் தவறாமல் அதையே எடுத்து வருவாள்.

புதுமைப் பொருள்கள் இந்த அளவுக்குச் சோபிப்பதில்லை. பாதி ஸ்பூனும் பாதி முள்கரண்டியுமான ஸ்போர்க்கின் பெயர் 1909ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அகராதி ஒன்றில் ஏறிவிட்டதாம். இருந்தும் அதனால் ரசம் சாதத்தை அள்ளினால் சாதம் வாய்க்கு வருகிறது, ரசம் தட்டுக்கே திரும்பிவிடுகிறது.

விதிவிலக்காக ஒன்று உண்டு. சூடான தேநீரில் விட்டுக் கலக்கினால் உருகி மறைந்துபோகும் காலியம் ஸ்பூன் ஒன்றை, விருந்தினரை ஏமாற்றுவதற்காக (அந்தத் தேநீரைக் குடிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும்) என் அண்ணன் மகன் இணையத்தில் வரவழைத்தான். காலியம் 29.76 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் உலோகம் என்பதையும், அது ஏப்ரல் மாதம் என்பதையும், மும்பையின் ஏப்ரல் எப்படிப்பட்டது என்பதையும் அவன் யோசிக்கவில்லை. பெட்டியைத் திறந்தபோது, தேநீருக்கு வேலையே வைக்காமல், பாலித்தீன் உறைக்குள் பாதரசம் போல ஏதோ தளும்பிக்கொண்டிருந்தது.

உறையோடு அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். இறுகி, அப்பளம் போலத் தட்டையாகிவிட்டது. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. அதில் பெயர் வெட்ட வழியில்லை என்பதால், மாமியார் உறையின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, எங்கள் வீட்டுப் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.