டோக்கன் கொடுத்த பிறகு விலையை ஏற்றுகிறார்களா?

கேள்வி: ஓசூரில் முப்பதுக்கு நாற்பது மனையில் கட்டிய வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி, 50,000 ரூபாய் டோக்கனை புரோக்கருக்கு ஜிபேயில் அனுப்பினேன். இப்போது பெங்களூரு பார்ட்டி ஒருவர் நான்கு லட்சம் கூடுதலாகத் தருகிறாராம். இன்றே பத்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் வீடு எனக்கே என்கிறார் புரோக்கர். வழக்குப் போட்டுப் பழைய விலைக்கே வாங்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு உங்கள் பக்கம் பலம் குறைவு. வீட்டுக்காரர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, பணமும் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை. "இந்தப் புரோக்கரை நான் அனுப்பவே இல்லை" என்று அவர் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே தள்ளாடும். ஆகவே முதலில் வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: எந்த வீடு, என்ன விலை, டோக்கன் யாரிடம், எந்தத் தேதியில். அவர் பதில் போட்டால் பத்திரமாக வையுங்கள். பேரம் முறிந்தாலும் டோக்கனைத் திருப்பிக் கேட்க அது உதவும்.

பெங்களூரு பார்ட்டி நிஜமா என்பது எனக்குத் தெரியாது. ஓசூர்ப் பக்கம் விற்பனைக்கு வரும் வீட்டுக்கெல்லாம் இப்படி ஒருவர் காத்திருக்கிறார்! நிஜமாகவே இருந்தாலும், வங்கிக் கடன் ஒப்புதல் கடிதமும் கிரயத் தேதியும் கையில் வைத்திருப்பவரை, அவசரமாகப் பணம் தேவைப்படும் வீட்டுக்காரர் லேசில் விடமாட்டார். விலையை ஏற்றும் முன் அதைக் காட்டிப் பாருங்கள்.

சரி, பத்து லட்சம்? வெறும் ரசீதுக்குக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஒப்பந்தப்படி வீட்டை விற்கச் சொல்லிக் கேட்கும் வழக்கில், பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் பதிந்தால் அது வில்லங்கச் சான்றில், அதாவது அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியலில், ஏறிவிடும். பிறகு வாங்குபவர் "எனக்குத் தெரியாமல் வாங்கினேன்" என்று தப்ப முடியாது. நான்கு லட்சம் கூடுதல் என்று மூன்றாமவர் வந்தாலும் உங்களுக்கு இருக்கும் வேலி அதுதான்.

ஒப்பந்தத்தில் விலை, கெடு தேதி, யார் எந்தச் செலவை ஏற்பது எல்லாம் வரட்டும். "வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ ஆவணத்தில் குறை இருந்தாலோ முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியைக் கண்டிப்பாகச் சேருங்கள். அதில்லாமல் கடன் கிடைக்காமல் போனால், முன்பணம் பறிபோனதாக எதிர்த்தரப்பு வாதாடும்.

கையெழுத்துக்கு முன் அசல் தாய்ப் பத்திரத்தை, அதாவது சொத்து யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் மூலப் பத்திரத்தை, கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸை மட்டுமே நீட்டினால், அசல் ஏதோ வங்கியிலோ ஃபைனான்ஸிலோ இருக்கலாம். தகப்பன் சொத்து என்றால் சகோதரிகளும் கையெழுத்துப் போட வேண்டும். "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்பதை நம்பி வாங்கியவர்கள் கிருஷ்ணகிரி கோர்ட் வராண்டாவில் நிறைய நிற்கிறார்கள்.

ரொக்கமாகக் கொடுத்து மதிப்பைக் குறைத்துக் காட்டலாம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு அதே அளவு அபராதம் விழலாம், பேரம் உடைந்தால் காகிதத்தில் இல்லாத பணத்தை நீங்களும் மீட்பது கஷ்டம். அப்புறம், 50 லட்சத்தைத் தொடும் கிரயம் என்பதால் வீட்டுக்காரருக்குத் தரும் ஒவ்வொரு தவணையிலும் ஒரு சதவீத வருமான வரியைப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கிரயப் பதிவுக்குப் போகும் அன்று காலை வில்லங்கத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். போன வாரம் எடுத்த சான்றில் நேற்றைய பதிவு இருக்காது.