அண்ணன் மகன் சொன்னது சரிதான்

கேள்வி: 2009-லிருந்து வலைப்பூ எழுதி வருகிறேன். கெடிலம் ஆறு, தேவனாம்பட்டினம் கோட்டை, பழைய கடலூர் என்று ஊர் விஷயங்கள்தான் அதிகம். மற்றபடி என் நாட்குறிப்பு மாதிரி. முகநூல், இன்ஸ்டாகிராம் எதிலும் எனக்குக் கணக்கு கிடையாது. போன மாதம் வீட்டு விசேஷத்தில், "சமூக ஊடகம் பக்கமே நான் போவதில்லை" என்றேன். அண்ணன் மகன், "சித்தப்பா, பிளாக் எழுதுறதும் சோஷியல் மீடியாதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெயர் சொல்லாமல் எழுதும் அனானிகளின் தொல்லை தாங்காமல், வாசகர்கள் கருத்து எழுதும் பின்னூட்டப் பெட்டியைக்கூட 2016-லேயே மூடிவிட்டவன் நான். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது நியாயமா?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கடலூர்

பதில்: ஐயா, அண்ணன் மகன் சொன்னது சரி. வலைப்பூ சமூக ஊடகம்தான். ஆனால் நீங்கள் கடைசியாகச் சொல்லியிருக்கும் தகவலைப் பார்த்தால், உங்கள் வலைப்பூ இன்னும் சமூக ஊடகமாக இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் வருகிறது. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சமூக ஊடகம், சமூக வலைத்தளம் என்று பத்திரிகைகளில் மாற்றி மாற்றி எழுதுகிறோம். எங்கள் பத்திரிகையும் அந்தத் தவறைச் செய்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. டானா பாய்ட், நிகோல் எலிசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-ல் சமூக வலைத்தளத்துக்கு மூன்று அடையாளம் சொன்னார்கள். நம்மைப் பற்றிய ஒரு முகப்புப் பக்கம் வேண்டும், நமக்குத் தொடர்புள்ளவர்களின் பட்டியல் வேண்டும், ஒருவர் பட்டியல் வழியாக இன்னொருவர் பட்டியலுக்குப் போய்ப் பார்க்க வழி வேண்டும். முகநூல் அப்படிப்பட்டது. உங்கள் வலைப்பூ அப்படி இல்லை. அந்த அளவில் நீங்கள் சொல்வது நியாயமே.

ஆனால் சமூக ஊடகம் என்ற சொல் அதைவிடப் பெரிய குடும்பத்தின் பெயர். 2010-ல் ஆண்ட்ரியாஸ் காப்லான், மைக்கேல் ஹேன்லைன் இருவரும் அந்தக் குடும்பத்தை ஆறு வகையாகப் பிரித்துக் கட்டுரை எழுதினார்கள். விக்கிப்பீடியா ஒரு வகை, யூடியூப் ஒரு வகை, முகநூல் ஒரு வகை. வலைப்பூவுக்கும் தனி வகை கொடுத்திருக்கிறார்கள். உறவுமுறை பார்த்தாலும் இது புரியும். வலைப்பூ எழுத உதவும் பிளாகர் தளம் 1999-ல் வந்தது, அதை 2003-ல் கூகுள் வாங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஈவான் வில்லியம்ஸ்தான் 2006-ல் ட்விட்டரைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். ட்விட்டரையே அப்போது குறும்பதிவுத் தளம் என்றுதான் அழைத்தார்கள். வலைப்பூ இந்த வீட்டின் மூத்த பிள்ளை.

"என் நாட்குறிப்பு மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். புதுச்சேரிக்காரனாகிய எனக்கு நாட்குறிப்பு என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறார். 1736-ல் எழுதத் தொடங்கி 1761 வரை எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதி வைத்தார். அவர் மறைந்து 85 ஆண்டு கழித்து, 1846-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தேடி எடுத்துப் படியெடுத்த பிறகுதான் வெளியுலகுக்கு அது தெரிந்தது. அது நாட்குறிப்பு. நீங்கள் எழுதுவது அப்படியா? 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்திய மறு நிமிடம் உலகத்தில் யாரும் படிக்கலாம். படிக்க வேண்டும் என்றுதானே அழுத்துகிறீர்கள்? சட்டமும் அதை உங்கள் அந்தரங்கக் குறிப்பாகப் பார்க்காது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு, அதாவது அவதூறு, முகநூலில் எழுதினாலும் வலைப்பூவில் எழுதினாலும் பொருந்தும்.

தமிழில் வலைப்பூ எப்படி வளர்ந்தது என்பதை நீங்களும் கண்ணால் பார்த்திருப்பீர்கள். எழுத்துரு சிக்கலெல்லாம் ஓய்ந்து, எல்லாக் கணினியிலும் தமிழ் தெரிய யூனிகோடும், தமிழில் தட்டச்சு செய்ய ஈ-கலப்பை மென்பொருளும் கைக்கு வந்த நேரம். 2004-ல், பல வலைப்பூக்களின் இடுகைகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் என்ற திரட்டி தொடங்கியது. புதிதாக எழுதிய இடுகைகள் ஒரு பக்கம், புதிதாக மறுமொழி வாங்கிய இடுகைகள் இன்னொரு பக்கம். யாரோ ஒருவர் நாலு வார்த்தை பின்னூட்டம் போட்டால் போதும், பழைய இடுகை மறுபடி மேலே வந்துவிடும். "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று முதல் ஆளாக வந்து போட்டுவிட்டுப் போகிறவர்கள், பின்னூட்டத்தில் கூடி அரட்டையாகக் கும்மி அடிக்கிறவர்கள், ஒரே தலைப்பில் அடுத்தவரையும் எழுதச் சொல்லித் தொடர்பதிவுக்கு அழைக்கிறவர்கள், விடிய விடியச் சண்டை போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பதிவர் சந்திப்பில் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். இவ்வளவும் சமூகம் இல்லையென்றால் வேறு எதைச் சமூகம் என்பது?

நானும் சில ஆண்டுகள் எழுதினேன். 1952 புயலில் போன எங்கள் பழைய துறைமுகப் பாலத்தைப் பற்றி ஒருமுறை எழுதியபோது, பாரிஸிலிருந்து ஒரு பெரியவர் பின்னூட்டம் போட்டார். அவருடைய அப்பா அந்தப் பாலத்தில் மூட்டை இறக்கியவராம். படகிலிருந்து மூட்டையை எப்படி மேலே ஏற்றுவார்கள், கூலி எப்படிப் பிரிப்பார்கள் என்று நான்கு பத்தி. என் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தப் பின்னூட்டத்தை மட்டும் வைத்திருந்தாலும் போதும் என்று தோன்றியது. அந்த மனிதரை நான் எங்கே போய்த் தேடியிருப்பேன்? பெட்டி திறந்திருந்ததால் அவராகவே வந்தார்.

உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினத்தில் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அப்போது முகநூலுக்கு வயது பத்து மாதம், அமெரிக்கக் கல்லூரிகளைத் தாண்டாத காலம். அலை அடித்த ஓரிரு நாளுக்குள் நம் நாட்டவர் சிலர் சேர்ந்து பிளாகரின் பிளாக்ஸ்பாட்டில் ஒரு கூட்டு வலைப்பூ திறந்தார்கள். உதவி எங்கே தேவை, யாரைத் தொடர்பு கொள்வது, காணாமல் போனவர்களைப் பற்றி எங்கே விசாரிப்பது என்று பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் இரவு பகலாகத் தொகுத்துப் போட்டார்கள். 2015 வெள்ளத்தில் கடலூருக்காக வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் நடந்த வேலையை, 2004-ல் செய்தது வலைப்பூ.

சரி, நீங்கள் ஒதுங்க நினைப்பது எதிலிருந்து என்று எனக்குப் புரிகிறது. எண்ணிக்கைக்காக ஓடுவது, கோபத்தைக் கிளப்பும் பதிவை எந்திரமே தேடி எடுத்து முன்னால் வைப்பது, காலையில் படித்ததை மாலையில் தேடினால் கிடைக்காமல் போவது. இவற்றில் எனக்கும் வெறுப்பு உண்டு. பிடித்த வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013-ல் மூடினார்கள், நம் திரட்டிகளும் தளர்ந்தன, நன்றாக எழுதிக்கொண்டிருந்த பதிவர்கள் ஒவ்வொருவராக முகநூலுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் எழுதிய நல்ல கட்டுரைகளை இன்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம். உங்கள் பக்கத்தில் 2009-ல் எழுதியது தேதியோடு அதே இடத்தில் இருக்கிறது.

புதுச்சேரியில் தமிழர் பகுதி வீதிகளில் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். திண்ணைக்கும் முன்னால், தெருவோடு ஒட்டி, மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம் இருக்கும். வீட்டுக்காரர் இடம்தான், ஆனால் வெயிலுக்கு ஒதுங்குகிறவர் யாரும் அனுமதி கேட்பதில்லை. மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டின் இரைச்சல் பிடிக்காதவர் தாழ்வாரத்தில் உட்காரலாம். அங்கேயும் நாலு பேர் வருவார்கள். நீங்கள் அந்தத் தாழ்வாரத்தை இடித்துவிட்டு மதில் எழுப்பியிருக்கிறீர்கள்.

அனானிகளுக்குப் பயந்து அதைச் செய்ய வேண்டியதில்லை. பிளாகரில் பின்னூட்ட மட்டுறுத்தல் இருக்கிறது. நீங்கள் படித்து அனுமதித்தால்தான் வெளியே தெரியும். பெயரில்லாமல் எழுத முடியாதபடியும் செய்யலாம். பழைய இடுகைகளுக்கு மட்டும் மட்டுறுத்தல் என்று நாள் கணக்கு வைத்தும் அமைக்கலாம். அமைப்புகள் பக்கத்தில் பத்து நிமிட வேலை. அண்ணன் மகனையே உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இதை வற்புறுத்த எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த பிறகு வலைப்பூவைத் தேடிப் போய், தேவனாம்பட்டினம் கோட்டை பற்றிய பதிவைப் படித்தேன். நல்ல பதிவு. ஆனால் அந்தக் கோட்டையை, அதாவது செயின்ட் டேவிட் கோட்டையை, ஆங்கிலேயர்களே அடித்தளத்திலிருந்து கட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே அங்கிருந்த கோட்டையை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரை உள்ள நிலமும் அந்த விலையில் சேர்த்தி. அப்படிச் சேர்ந்த ஊர்களைத்தான் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் இருக்கும்? அந்த ஊர்ப் பெரியவர்கள் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு நீங்கள் எழுதினால் நான் ஆசையோடு படிப்பேன். இவ்வளவையும் அந்தப் பதிவின் கீழேயே எழுதத்தான் நினைத்தேன். அங்கே இடமில்லை.