ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள்: நிறம் மாறும் துணி, கேள்வி-பதில்

மகனுக்கு ஆன்லைனில் நிறம் மாறும் டி-சர்ட் வாங்கினேன். படத்தில் கருநீலம். வந்ததோ வெளிர் ரோஸ். கை வைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, சென்னை)

திருப்பி அனுப்பும் முன், சட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுக்கும்போது கருநீலமாக இருந்தால் சட்டையில் குறை இல்லை, உங்கள் ஊரில்தான் சூடு அதிகம்.

இது தெர்மோகுரோமிக் வகை, அதாவது சூட்டுக்கு நிறம் மாறுவது. துணிமேல் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றின் அளவும் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உள்ளே மூன்று பொருள்கள்: நிறமற்ற நிலைக்கு மாறக்கூடிய ஒரு சாயம், ஒரு மென்மையான அமிலம், மெழுகு போன்ற ஒரு ஆல்கஹால். மெழுகு உறைந்திருக்கும்வரை அமிலமும் சாயமும் ஒட்டிக்கொண்டு நிறம் காட்டும். உருகியதும் இரண்டும் பிரியும், நிறம் போய்விடும். அடித்துணிக்கு ஏற்கெனவே போட்ட சாதாரண ரோஸ் சாயம் மட்டும் கண்ணில் படும். ஆறினால் பழையபடி நீலம்.

ஆக, எந்தச் சூட்டில் மாறும் என்பதை முடிவு செய்வது அந்த மெழுகின் உருகுநிலை. இப்படிப்பட்ட மெழுகு ஆல்கஹால்களில் டோடெக்கனால் சுமார் 24 டிகிரியில் உருகும், டெட்ராடெக்கனால் சுமார் 38-ல். கடையில் அதிகம் கிடைப்பது 31 டிகிரியை ஒட்டி மாறுகிற ரகம். குளிர்நாட்டில் அது சரி. அறை 20 டிகிரி, உள்ளங்கை அதைவிடச் சூடு, தொட்ட இடத்தில் கை அச்சு விழும். சென்னையில் மே மாத மதியத்தில் சட்டை கொடியில் தொங்கும்போதே உருகி முடிந்திருக்கும். மகன் ஏசி அறையில் போட்டு விளையாடட்டும். அடுத்த முறை வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை டிகிரி என்று கேளுங்கள்.

இது 90-களிலேயே வந்த சரக்கு என்கிறாரே அமெரிக்காவில் இருக்கும் மாமா? (வாசகர், திருச்சி)

மாமா சொல்வது சரி. சியாட்டிலில் இருந்த ஜெனரா நிறுவனம் 1991-இல் ‘ஹைப்பர்கலர்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. சாயம் ஜப்பானின் மட்சுயி நிறுவனத்தினுடையது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் மே வரைக்குள் 5 கோடி டாலருக்கு விற்றது. அடுத்த ஆண்டே ஜெனரா திவால் மனு கொடுத்தது. அவசர அவசரமாகப் பெருகிய வியாபாரத்தைச் சமாளிக்க முடியாமல் போனது ஒரு காரணம். சட்டை சில சலவைகளில் மங்கியது இன்னொன்று. என்னைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. உடம்பில் எங்கே சூடு அதிகம்? அக்குளில்தான். வகுப்பில் கை தூக்கும் பையனின் அக்குள் மட்டும் தனி நிறத்தில் பளிச்சென்று தெரிந்தால், அவன் மறுநாள் அந்தச் சட்டையைப் போடுவானா?

எப்படித் துவைப்பது? (வாசகி, கோவை)

பச்சைத் தண்ணீர், மிதமான சோப்பு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுதல், நிழலில் காயவைத்தல். பிளீச்சிங் பவுடர் கூடாது. பிரிண்ட்மேல் இஸ்திரியும் கூடாது. இவற்றில் நம் ஆட்கள் கோட்டை விடுவது நிழல் விஷயத்தில். இந்தச் சாயத்துக்குப் புறஊதாக் கதிர் எமன். நான் வாங்கிய முதல் சட்டையை வெந்நீரில் ஊறவைத்து, மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்கப் போட்டேன். மூன்றாவது சலவைக்குப் பிறகு அது நிறம் மாறாத சாதாரண பனியன்.

வெயிலில் படம் தெரியும் டி-சர்ட், பஸ்ஸில் கண்ணாடி ஓரம் உட்கார்ந்தாலும் மாறுமா? (மாணவர், மதுரை)

மாறும், ஆனால் கொஞ்சம் மங்கலாக. இது வேறு சாதி: ஃபோட்டோகுரோமிக். சூடு இதை இயக்குவதில்லை. புறஊதாக் கதிர் பட்டால் மூலக்கூறே வடிவம் மாறி நிறம் பெறும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரில் ஒரு பகுதியை விடும். காரின் முன்கண்ணாடி பெரும்பாலும் விடாது. மேகமூட்டத்திலும் நிறம் வரும், டியூப்லைட்டில் வராது. ஒரு வேடிக்கை: சூடு கூடினால் இந்த நிறம் வேகமாகத் திரும்பிவிடும். அதனால் ஊட்டி வெயிலில் மதுரையைவிட அழுத்தமாகத் தெரிய வாய்ப்புண்டு.

கைக்குழந்தைக்குப் போடலாமா? (வாசகி, சேலம்)

கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் வேண்டாம். இந்த மைகள் சிலவற்றில், முதலில் சொன்ன அந்த அமிலமாக, ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய பிஸ்பீனால்-ஏ என்ற ரசாயனம் பயன்பட்டிருக்கிறது. லேபிள் இல்லாத மலிவுச் சரக்கில் என்ன இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்?

சிறிய பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். சூட்டுக்கு நிறம் மாறும் சாயப் பவுடர் வாங்கிப் பிரிண்டிங் பேஸ்ட்டில் கலந்தால் நிறமே எழும்பவில்லை. (வாசகர், திருப்பூர்)

குமிழ் உடைந்திருக்கும். அசிட்டோன் போன்ற கரைப்பானை அருகில் விடாதீர்கள், தண்ணீரில் கரையும் பைண்டரே (சாயத்தைத் துணியில் ஒட்டவைக்கும் பசை) போதும். அதிவேகக் கலக்கியில் அடிக்காமல் மெதுவாகக் கலக்குங்கள். அடித்துணியையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்: மஞ்சள் துணிமேல் நீலம் அடித்தால் பச்சையாகத் தெரியும், சூட்டில் மஞ்சளாகும். கறுப்புத் துணியில் எதை அடித்தாலும் காசுதான் வீண்.

பாட்டியின் மயில்கழுத்துப் பட்டும் நடக்கும்போது பச்சை, நீலம் என்று மாறுகிறதே, அதுவும் இப்படித்தானா? (வாசகி, காஞ்சிபுரம்)

உங்கள் ஊர்க்காரர்களே எனக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம்! அதில் இந்த ரசாயனம் எதுவும் இல்லை. பாவு (நீளவாக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) இன்னொரு நிறம். மடிப்பு திரும்பும் கோணத்தில் எந்த நூல் வெளிச்சத்தைத் திருப்புகிறதோ அதன் நிறம் மேலோங்கும். பட்டு நூலுக்கு இயல்பான பளபளப்பு இருப்பதால் அது இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. எத்தனை டிகிரியானாலும் அது பாட்டுக்கு மாறும். அதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.